ரேடியேட்டரில் ஊற்றுவது எந்தத் தண்ணீர்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு வாகனப் பக்கத்தில் டீசல் கார் வைத்திருப்பவர்களுக்குப் பத்து யோசனை போட்டிருந்தீர்கள். ஒன்பது சரி. மீதி ஒன்றில் இரண்டு தப்பு. வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, கூலன்ட் குறைந்தால் தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம் என்று எழுதியிருந்தது. இந்த இரண்டையும் வேதவாக்காக நம்பி, பதினோரு மாதத்தில் இரண்டு தடவை ஹெட் இறக்கியவன் நான். (இன்ஜினின் மேல் மூடி ஹெட், சிலிண்டர்கள் இருக்கும் கீழ்ப்பகுதி பிளாக், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தகடு கேஸ்கெட், இன்ஜினைக் குளிர வைக்க ஓடும் திரவம் கூலன்ட்.) தண்டையார்பேட்டையில் இருக்கிறேன், வேலை எண்ணூர் பக்கம், பத்து வருடத்துக்கு மேல் ஓடின டர்போ டீசல் கார். கம்பெனி பேர் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். மே மாதம், எண்ணூர் விரைவுச்சாலை. துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் ஒரு பக்கம் முழுக்க நிற்க, மிச்சமிருக்கும் சந்தில் ஏசி போட்டு ஊர்ந்துகொண்டிருந்தேன். டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டி மெதுவாக மேலே ஏறியது. சரி, ஓரம் கட்டலாம் என்று இடம் தேடுவதற்குள் முள் தானாகவே சர்ரென்று கீழே இறங்கிவிட்டது. அப்பாடா என்று ஓட்டிக்கொண்டே போனேன். அங்கேதான் என் வண்டி செத்தது. தண்ணீர் மட்டம் குறைந்து சென்சார் வெறும் ஆவியில் நிற்கும்போது முள் ஏறாது, இறங்கும் என்பது எனக்கு அப்போது தெரியாது. சூடு ஏறி முள் திடீரென இறங்கினால் அது நல்ல சேதி இல்லை, உடனே நிறுத்த வேண்டும் என்று உங்கள் பத்து யோசனையில் ஒன்றாகப் போட்டிருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும்.

அதற்கு முன்னால் மூன்று நான்கு மாதமாகவே கூலன்ட் குறைந்துகொண்டுதான் இருந்தது. கீழே ஒரு சொட்டு ஒழுகல் கிடையாது. வழியில் ஒரு டீக்கடை, வாசலில் நீல டிரம், பக்கத்தில் போர் தண்ணீர்க் குழாய். லாரிக்காரர்கள் எல்லாரும் அங்கேதான் பிடிப்பார்கள், நானும் பிடித்தேன். எங்கள் பக்கத்துப் போர் தண்ணீர் எப்படி என்று வடசென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, குளித்தால் சோப்பு நுரைக்காது, பக்கெட்டில் வெள்ளைக் கோடு விழும். மீஞ்சூர் பக்கம் நிலத்தடியில் கடல் நீர் ஏறின கதை அரை நூற்றாண்டுக்கு மேல் பழையது. கடல் தண்ணீரைக் குடிநீராக்க 2010ல் காட்டுப்பள்ளியில் தினம் 10 கோடி லிட்டர் அளவுக்கு ஆலை போட்ட ஊர் இது. அந்தப் போர் தண்ணீரைக் குடிக்க மாட்டோம், வாயில் வைத்தால் துப்புவோம், ஆனால் இன்ஜினுக்கு மட்டும் "தண்ணி தானே" என்று ஊற்றுவோம்.

முதல் ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து, ஸ்டார்ட் போட்டு, புகையைப் பார்த்து, ஐந்து நிமிடத்தில் "ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார்" என்றார்கள். ஒரு டெஸ்டும் இல்லை. போனது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு நாளில் வண்டியைக் கொடுத்தார்கள், 26 ஆயிரம் ரூபாய். போனஸாக, இன்ஜின் சூடாகும் வரை கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையிலேயே கொடுத்து, "நம்ம ஊர் வெயிலுக்கு இது வேணாம் சார், இது இல்லன்னா வண்டி ஜில்லுனு இருக்கும்" என்றார்கள். பழைய போல்ட்டையே மாட்டினார்கள். ஹெட்டின் அடிப்பக்கத்தை உப்புத்தாள் சுற்றின மரக்கட்டையால் தேய்த்தார்கள், நானே பக்கத்தில் நின்று பார்த்தேன், ரொம்ப அக்கறையாக வேலை செய்கிறார்களே என்று நினைத்தேன். எட்டு மாதம் கூட ஆகவில்லை, திரும்பவும் கூலன்ட் டேங்கில் மட்டம் குறைய ஆரம்பித்தது.

இரண்டாவது தடவை வியாசர்பாடியில் ஒரு பாயிடம் போனேன். நாற்பது வருடமாக டீசல் வேலை பார்ப்பவர். "பாய், மறுபடியும் ஹெட் போயிடுச்சு, கழட்டிடுங்க" என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "இன்னா சார், டாக்டரும் நீங்களே, பேஷன்டும் நீங்களே. போச்சானு மொதல்ல பாக்கலாம். வண்டிய இங்க வுட்டுட்டுப் போங்க, காலைல ஆறு மணிக்கு வாங்க, நீங்க வர்ற வரைக்கும் நான் ஸ்டார்ட் பண்ண மாட்டேன்" என்றார். ராத்திரி முழுக்க ஆறின இன்ஜின்தான் உண்மை பேசும் என்பது அவர் கணக்கு.

காலையில் போனேன். ரேடியேட்டருக்கு மேலே போகிற தடித்த ஹோஸில் என் கையை வைக்கச் சொல்லி ஸ்டார்ட் போட்டார். ஒரு நிமிடம் இருக்கும், ஹோஸ் இன்னும் சூடே ஆகவில்லை, பச்சைத் தண்ணீர் மாதிரிதான் இருக்கிறது, ஆனால் காற்றடித்த சைக்கிள் டியூப் மாதிரி விறைத்துவிட்டது. சூட்டினால் பிரஷர் ஏறினால் அது நியாயம். சூடே இல்லாமல் பிரஷர் எங்கிருந்து வந்தது? சிலிண்டரிலிருந்துதான். பெட்ரோல் வண்டியில் காற்றைப் பத்து மடங்கு சுருக்கினால் டீசலில் பதினாறு மடங்குக்கு மேல், எரியும்போது உள்ளே நூறு பாரை, அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல் சுமார் நூறு மடங்கைத் தாண்டும் அழுத்தம். அதைத் தடுத்து நிற்பது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் ஒரு மில்லிமீட்டர் சுமாருக்கு இருக்கும் அந்த உலோகத் தகடுதான். கூலன்ட் பக்கம் மூடி தாங்குவது ஏறக்குறைய ஒரு பார். தகட்டில் மயிரிழை வழி கிடைத்தால் போதும்.

அத்தோடு விட்டாரா என்றால் இல்லை. அப்புறம் கண்ணாடிக் குழாய் ஒன்றில் நீல நிற மருந்தை ஊற்றி, கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பேன்ஷன் டேங்க் வாயில் வைத்து, ரப்பர் பல்பை அழுத்தி டேங்கில் உள்ள காற்றை அதன் வழியாக இழுத்தார். எரிந்த புகையில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு பட்டால் அந்த நீலம் நிறம் மாறும். பெட்ரோல் வண்டியில் பளிச்சென்று மஞ்சளாகும், டீசலில் காற்று எப்போதும் அதிகம் போவதால் பச்சையோடு நின்றுவிடலாம், அதைப் பார்த்து ஒன்றுமில்லை என்று ஏமாறக் கூடாதாம். டேங்கில் கொஞ்சம் தண்ணீரை முதலிலேயே எடுத்துவிட வேண்டும், கூலன்ட் குழாய்க்குள் ஏறிவிட்டால் டெஸ்ட் வீண். எங்களுக்குப் பச்சை வந்தது.

வெள்ளைப் புகைக்கு வருகிறேன். டீசல் வண்டியில் வெள்ளைப் புகை இரண்டு ஜாதி. ஆறின இன்ஜின் ஸ்டார்ட் ஆகச் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் வேலை செய்யாமலோ, டீசலைத் தூவும் இன்ஜெக்டர் சரியாகத் தூவாமலோ எரியாத டீசல் வெளியே வந்தால் அதுவும் வெள்ளைதான், ஆனால் கண் எரியும், டீசல் வாடை அடிக்கும், சூடானதும் பெரும்பாலும் அடங்கிவிடும். கூலன்ட் எரிந்து வரும் ஆவியில் ஒரு இனிப்பு வாடை இருக்கும், சூடானாலும் நிற்காது. சரி, இனிப்பு வாடைதான், ஹெட்தான் என்று முடிவு கட்டலாமா என்றால் அதுவும் கூடாது. புகையைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈஜிஆருக்கு ஒரு கூலர் இருக்கிறது, அதற்குள் ஓடுவதும் இதே கூலன்ட்தான். அது ஓட்டையானாலும் கூலன்ட் குறையும், இனிப்புப் புகை வரும், கீழே சொட்டு ஒழுகாது. ஹெட்டே நல்லா இருக்கும்போது ஹெட்டை இறக்கி, பில்லும் கட்டி, வீட்டுக்குப் போனால் அதே புகை. பாய் அந்தக் கூலரைத் தனியாகக் கழற்றி, ஒரு வாயை அடைத்து, மறு வாயில் காற்றுக் கொடுத்துத் தண்ணீரில் முக்கினார். குமிழி இல்லை. ஆயில் மூடியைத் திறந்தால் மோர் மாதிரிக் கலங்கலாக இருக்கும் என்பார்களே, அது எனக்கு இல்லவே இல்லை. கேஸ்கெட் எந்த இடத்தில் விட்டிருக்கிறதோ அதற்கேற்ற அறிகுறிதான் வரும், எல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று சட்டம் கிடையாது. மோர் வந்தால்கூட அது ஆயில் கூலர் ஓட்டையாக இருக்கலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஹீட்டர் பிளக் துளைகளில் கேஜ் மாட்டி கம்ப்ரஷன், அதாவது ஒவ்வொரு சிலிண்டரும் காற்றை எவ்வளவு அழுத்துகிறது என்று பார்த்தார். நான்கு சிலிண்டரில் இரண்டும் மூன்றும் மற்ற இரண்டை விட நன்றாகக் குறைவு. அடுத்தடுத்த இரண்டு சிலிண்டர் சேர்ந்து குறைந்தால் நடுவில் உள்ள தகடு எரிந்திருக்கிறது என்று ஏறக்குறைய அடித்துச் சொல்லலாம். "இப்போ கழட்டலாம் சார்" என்றார். பாதி நாள் போயிருந்தது, ஒரு போல்ட் கூடத் தொட்டிருக்கவில்லை.

ஹெட்டைத் தூக்கினபோது நானும் ஒரு பக்கம் பிடித்தேன். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தகடு கருகி அரை விரல்கடை அளவுக்கு அரித்துப்போயிருந்தது. அதை விட என்னை உலுக்கியது வேறு. பிளாக்கில் சிலிண்டரைச் சுற்றி தண்ணீர் ஓடும் துளைகள் இருக்குமே, அதில் ஒன்றில் பாய் ஸ்க்ரூ டிரைவரை விட்டுச் சுரண்டினார். வெள்ளையும் துருவுமாக ஓடு ஓடாகப் பெயர்ந்து வந்தது, பழைய வென்னீர்ப் பானையின் அடியில் இருக்குமே அதே மாதிரி. உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "சார், இது கேஸ்கெட் கேஸ் இல்ல, தண்ணி கேஸ்" என்றார்.

ரேடியேட்டரையும் கழற்றி, மேல் வாயில் ஹோஸ் வைத்துத் தண்ணீர் விட்டால் கீழே நூல் மாதிரி வந்தது. பழைய பித்தளை ரேடியேட்டராக இருந்தால் மேல் டேங்கின் பற்றவைப்பைப் பிரித்து, உள்ளே கம்பி விட்டுக் குத்தி எடுத்துவிடுவார்கள், எங்கள் அப்பா காலத்து வண்டிக்கு அப்படிச் செய்வதைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலைக் கடைகளில் பார்த்திருக்கிறேன். இப்போது வருவது அலுமினியக் கோர், பிளாஸ்டிக் டேங்க், குழாயெல்லாம் தீக்குச்சிக்குக் கூட வழியில்லாத அகலம். புதுசு வாங்குவதுதான் வழி. ஆக, முதல் தடவை புது கேஸ்கெட் போட்டவர்கள் அடைத்துக்கொண்ட ரேடியேட்டரை அப்படியே மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். தெர்மோஸ்டாட் இல்லாததால் சாதாரண ஓட்டத்தில் வண்டி ஜில்லென்றுதான் இருந்தது, இன்ஜின் தேவையான சூட்டுக்கே வராமல் டீசலைக் குடித்தது. கொருக்குப்பேட்டை கேட்டில் நின்றாலோ மணலி ரோட்டில் மிதித்தாலோ உடனே கொதித்தது.

அடுத்தது ஹெட். இரும்புப் பட்டை ஒன்றை நீளவாக்கிலும் குறுக்காகவும் மூலைக்கு மூலையும் வைத்து, அடியில் ஃபில்லர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு நுழைகிறதா என்று பார்த்தார். 0.05 மில்லிமீட்டர் தாராளமாக நுழைந்தது, நடுவில் 0.10ம் நுழைந்தது. உப்புத்தாள் வேலையின் லட்சணம். அலுமினிய ஹெட் கொதித்தால் வளையும், கையால் தேய்த்தால் வளைவு போகாது, பள்ளம்தான் விழும். மெஷினில் சீவி மட்டமாக்கும் ஃபேசிங் கொடுக்கலாமா என்பதிலும் டீசலில் ஒரு சங்கடம் உண்டு, வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி மிகக் கொஞ்சம், சில வண்டி ஹெட்டைச் சீவவே கூடாது என்று கம்பெனி மேனுவலிலேயே போட்டிருக்கும். என் வண்டிக்குக் கொஞ்சம் அனுமதி இருந்தது. லேத்தில் முதலில் விரிசல் இருக்கிறதா என்று தண்ணீர்த் துளைகளை அடைத்து, வென்னீர்த் தொட்டியில் முக்கிக் காற்று அடித்துப் பார்த்து, அப்புறம்தான் சீவினார்கள்.

கேஸ்கெட் வாங்குவதில் எனக்கு ஒரு பாடம். நானே போகிறேன் என்று தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, ஜி.பி. ரோடு போய்ப் பாதி வழியில் பாய்க்கு போன் போட்டால், "எத்தனை வெட்டு?" என்கிறார். ஒரே இன்ஜினுக்கு மூன்று தடிமனில் கேஸ்கெட் வருமாம். பிஸ்டன் மேலே வரும்போது பிளாக்கின் முகத்தை விட எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று டயல் கேஜ் வைத்து நான்கையும் அளந்து, அதில் அதிகமானதற்கு ஏற்ற தடிமனைப் போட வேண்டும். தகட்டின் ஓரத்தில் வெட்டாகவோ துளையாகவோ அடையாளம் இருக்கும். மெலிசானதைப் போட்டால் பிஸ்டன் வால்வைத் தொடும் அபாயம், தடியானதைப் போட்டால் கம்ப்ரஷன் குறைந்து காலையில் ஸ்டார்ட் ஆகத் தவிக்கும். முதல் ஒர்க்‌ஷாப் போட்டது ஒரு வெட்டு, வேண்டியது இரண்டு வெட்டு. அளக்காமல் அலமாரியில் இருந்ததை எடுத்து மாட்டியிருக்கிறார்கள்.

மாட்டுகிற வேலையில் நான் பார்த்த ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். ஹெட் போல்ட் இறங்கும் குழிகளை ஒவ்வொன்றாகத் துணி சுற்றின குச்சியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். அடி மூடின குழியில் ஆயிலோ தண்ணீரோ தேங்கியிருந்தால் போல்ட்டை முறுக்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். தகட்டுக்குப் பேஸ்ட், ஷெல்லாக் எதுவும் இல்லை, இப்போதைய அடுக்குத் தகடுகளைக் காய்ந்த நிலையில்தான் வைக்க வேண்டும். போல்ட் அத்தனையும் புதுசு. இந்த மாதிரி போல்ட்கள் முறுக்கும்போது கொஞ்சம் நீண்டு, அந்த இழுப்பில்தான் ஹெட்டைப் பிடிக்கின்றன, ஒரு தடவை நீண்டது மறுபடி அதே பிடி பிடிக்காது. நடுவில் ஆரம்பித்து ஓரத்துக்கு, முதலில் முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் ஒரே அளவு, அதன் பிறகு அளவு கிடையாது, டிகிரிக் கணக்குத்தான், 90 டிகிரி, இன்னொரு 90 டிகிரி. எந்த போல்ட்டைத் திருப்பினோம் எதை விட்டோம் என்று குழம்பாமல் இருக்க, பேத்தியின் சிவப்பு நெயில் பாலிஷை எடுத்து வந்து ஒவ்வொரு போல்ட் தலையிலும் ஒரு பொட்டு வைத்தார். எல்லாப் பொட்டும் ஒரே திசை பார்த்தன, முதல் சுற்று முடிந்ததும் எல்லாம் பக்கவாட்டில், இரண்டாவது சுற்றில் எல்லாம் பின்பக்கம். ஒரு பொட்டு மட்டும் கொஞ்சம் பிந்தி நின்றது, அதைத் தட்டிக் காட்டி, "பாருங்க, தூங்குது" என்று ஒரு இழு இழுத்தார். டிகிரிக் கணக்கு வண்டிக்கு வண்டி மாறும், என் கணக்கை யாரும் தன் வண்டிக்கு எடுத்துக்கொள்ள வேண்டாம்.

டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், டேங்க் மூடி எல்லாம் புதுசு. பம்ப்பின் இறக்கை பாதி அரித்துப்போயிருந்தது, அதுவும் உப்பின் உபயம். பிளாக்குக்குள் ஓடாகப் படிந்திருந்ததைக் கழுவி எடுக்கவே அரை நாள். ஆயிலை மாற்றி, 500 கிலோமீட்டர் ஓட்டி, மறுபடி மாற்றினோம். மொத்தம் 47 ஆயிரம். முதல் தடவையே ரேடியேட்டரைப் பார்த்திருந்தால் அந்த 26 ஆயிரத்தை எண்ணூர் கடலில் போட்டிருக்க வேண்டியதில்லை.

இப்போது உங்கள் "தண்ணீர் ஊற்றிச் சமாளிக்கலாம்" என்ற வரிக்கு. இங்கே பனியா பெய்கிறது, கூலன்ட் எதற்கு என்று எங்கள் தெருவிலேயே நான்கு பேர் கேட்கிறார்கள். உறையாமல் இருக்க மட்டும் கூலன்ட் போடுவதில்லை. கொதிக்கும் புள்ளியை அது ஏற்றுகிறது, இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் ஒரே தண்ணீரில் கிடந்து அரித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிறது. கலந்து வருவதையே வாங்கி ஊற்றலாம், கலக்காததாக இருந்தால் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர், பேட்டரிக்கு ஊற்றுகிறோமே அது, தெருமுனை பேட்டரிக் கடையிலேயே கிடைக்கும். வீட்டு ஆர்ஓ தண்ணீர் அவசரத்துக்கு ஒரு நாள் போர் தண்ணீரை விட எவ்வளவோ மேல், வாடிக்கையாக வேண்டாம். நடுவழியில் கொதித்துவிட்டால் ஏசியை நிறுத்தி ஓரம் கட்டி இன்ஜினை அணைக்க வேண்டும், மூடியைத் தொடவே கூடாது, முகத்தில் அடிக்கும். முக்கால் மணி நேரமாவது ஆற வேண்டும், கொதிக்கிற ஹெட்டில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் விரிசல் விட வாய்ப்பு. கூலன்ட் ஒரு தடவைக்கு மேல் குறைந்தால் ஊற்றி ஊற்றி ஓட்டாமல், எங்கே போகிறது என்று தேட வேண்டும். நான் ஊற்றி ஓட்டின மூன்று மாதத்துக்குத்தான் 73 ஆயிரம் கட்டினேன்.

அடுத்த ஞாயிறு ஒரு சின்னத் திருத்தம் போடுங்கள், பெட்டிச் செய்தி கூட வேண்டாம், இரண்டு வரி போதும். எண்ணூர் ரோட்டில் அந்த டீக்கடை வாசலில் நீல டிரம் இன்னும் இருக்கிறது. நேற்று டீ குடிக்க நிறுத்தினபோது, பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு தம்பி, புதிதாக வாங்கின பழைய டீசல் கார் போல, மக்கில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தான். என் டிக்கியில் இருந்த கூலன்ட் கேனைக் கொடுத்தேன். "எவ்ளோண்ணா தரணும்?" என்றான். ஒன்றும் வேண்டாம், நாளைக்குக் காலையில் ஸ்டார்ட் பண்ணினதும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தண்டையார்பேட்டை, சென்னை 81